ராகு காலத்தில் குடிபெயர்ந்த குரல்

"நாலரைக்கு மேல ஆரம்பி மங்கை, அதுக்கு முன்னாடி தொட்டுடாதே" என்று தணிகாசலம் செருப்பில் காலை நுழைத்துக்கொண்டே சொன்னார். செவ்வாய்க்கிழமை, மூன்று அடித்தால் ராகு காலம். புது ஹார்ட் டிஸ்க், முதன்முதலாய் அதில் ஒன்றை வைக்கப்போகிறோம், நல்லபடியாக வைக்க வேண்டாமா என்பது அவர் கட்சி. மங்கையர்க்கரசி தலையாட்டினாள். தொண்டையில் புற்று வந்து குரல்வளையை எடுத்துப் போட்ட பிறகு தலையாட்டுவது ஒன்றுதான் இந்த வீட்டில் மறுபேச்சில்லாமல் செல்லுபடியாகும் பேச்சு. கேட் கொண்டி விழுந்தது. ஸ்கூட்டர் இருமி, அடங்கி, மறுபடி இருமிக் கிளம்பியது. பென்ஷனர் சங்கக் கூட்டம், போனால் நாலரைக்கு முன்னால் திரும்ப மாட்டார். தெருமுனையில் சத்தம் தேயும்வரை அவள் ஹாலில் நின்றாள், பிறகு நேராகப் போய் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். உள்ளேயிருந்து டிக் என்றது. கொஞ்சம் பொறுத்து மறுபடி டிக். நேற்று ராத்திரியிலிருந்து இந்தச் சத்தம். கல்லூரி கம்ப்யூட்டர் லேபில் காலமெல்லாம் பொறுப்பாளராக இருந்தவளுக்கு அது என்ன சத்தம் என்று ஜாதகம் பார்த்துச் சொல்ல ஆள் தேவையில்லை. டிஸ்க் சாகப்போகிறது. இன்றைக்கோ நாளைக்கோ, அல்லது இந்த நிமிஷமோ. சாகிறவனிடம் போய், கொஞ்சம் பொறுங்க, நாலரைக்கு மேல ஆம்புலன்ஸைக் கூப்பிடறோம் என்று சொல்வார்களா. இவர் சொல்வார். அவள் புது டிஸ்க்கின் வயரைச் செருகினாள். ஹால் கடிகாரம் மூன்று தாண்டிப் பத்து நிமிஷம் காட்டியது, காட்டட்டும்.

கம்ப்யூட்டர் ஓடுவது வேறொரு டிஸ்க்கில், இந்தப் பழைய டிஸ்க்குக்குள் ஒரு விர்ச்சுவல் மெஷின் இருந்தது. கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர், கையால் தொட முடியாதது, வெறும் கோப்பாகவே உயிரோடிருப்பது. அவருக்கு விளக்கிச் சொல்லவேண்டி வந்தபோது, வீட்டுக்குள்ள ஒரு வீடு, அதுல பழைய விண்டோஸ் குடியிருக்கு என்று சிலேட்டில் எழுதிக் காட்டியிருந்தாள். அவர் அதற்கு உள்பெட்டி என்று பெயர் வைத்துவிட்டார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், உள்பெட்டியிலதான் சார் மங்கையோட குரல் இருக்கு என்பார், ஏதோ பட்டுப்புடவை இருக்கிற மாதிரி. ஆனால் விஷயம் அதுதான். அவள் குரல் அதில்தான் இருந்தது. ஆபரேஷனுக்கு முன்னால் பேசிப் பதிந்து வைத்த வார்த்தைகள், ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒன்று. அமுக்கினால் அவள் குரலிலேயே பேசும். அந்தப் புரோகிராமை எழுதிய பையன் பீட்டர் ஜெயசீலன் ஆராய்ச்சியை முடித்துக்கொண்டு எந்த நாட்டுக்கோ போய்விட்டான், எழுதின மெயிலெல்லாம் திரும்பி வந்தது. புரோகிராமோ அந்தப் பழைய விண்டோஸை விட்டால் வேறெங்கும் ஓடாது. அது மட்டுமில்லை, தான் இருக்கிற மெஷினின் அடையாளத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, அடையாளம் மாறினால் சாவி கேட்கும். சாவியைத் தர ஆள் கிடையாது. அதனால் உள்பெட்டியைத் துண்டு துண்டாக எடுத்துப் போக முடியாது, அலுங்காமல் முழுசாகத்தான் தூக்க வேண்டும். தூக்கினாள். நகலெடுக்கும் பச்சைப் பட்டை திரையில் தோன்றி, ஒரு நகக்கண் அளவுக்கு நகர்ந்து, யோசித்தது. டிக். கழுத்துத் துளை வழியாக அவள் மூச்சு விசில் மாதிரி வந்து போனது. பதற்றம் வந்தால் இப்படித்தான், மூக்கு சும்மா முகத்தில் அலங்காரத்துக்கு இருக்கும், கழுத்து ஊதும். இடையில் டிஸ்க் நின்றுபோனால் இருக்கிற குரலும் போயிற்று. அதைவிட, அவர் வந்து நின்று, நான்தான் சொன்னேனே என்பார். குரல் போவதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், அந்த வார்த்தையைக் கேட்டுக்கொண்டு பதில் சொல்ல முடியாமல் நிற்க வேண்டுமே. அது தாங்காது.

குரலைப் பதிந்த அன்றைக்கும் ராகு காலம்தான். வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு வந்தான் பீட்டர் ஜெயசீலன், மைக், வயர், தலையில் மாட்டுகிற கருவி எல்லாம் தோளில் தொங்கப் போட்டுக்கொண்டு. மத்தியானம் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும், மறுநாள் விடிகாலை அறுவை. உட்காருங்க தம்பி, பன்னெண்டு ஆகட்டும் என்றார் இவர். அந்தப் பையன் கிறிஸ்தவன், ராகுவும் தெரியாது கேதுவும் தெரியாது. பெரியவர் சொல்கிறாரே என்று உட்கார்ந்தான். காபி வந்தது, முறுக்கு வந்தது, பேப்பர் வந்தது. இவர் அந்தக் கல்லூரி, இந்த டிபார்ட்மெண்ட், யார் கைடு என்று விசாரித்துக்கொண்டே இருந்தார். மங்கையர்க்கரசி உள்ளறையில் சூட்கேஸ் மேல் உட்கார்ந்திருந்தாள். அப்போது அவளுக்குக் குரல் இருந்தது, கரகரத்துப்போயிருந்தாலும் இருந்தது, எழுந்து போய், எந்திரிங்க, மைக்கை மாட்டுங்க, ராகுவாவது கீகுவாவது என்று ஒரு சத்தம் போட்டிருக்கலாம். லேபில் அவள் போட்ட சத்தத்துக்கு இரண்டாவது மாடியில் பையன்கள் பெஞ்சை விட்டு எழுந்து நிற்பார்களாம், அப்படிப்பட்டவள். போடவில்லை. ஏன் போடவில்லை. நாளைக்குக் கத்தி வைக்கப்போகிறார்கள், இவரும் பயந்துபோய்த்தான் ராகுவைப் பிடித்துத் தொங்குகிறார், போகட்டும் என்று விட்டாள். பாவம் பார்த்தாள். பாவம் பார்த்த பலன், பேச வேண்டிய நேரத்தில் பாதி காபியாக ஆறிப்போனது. பன்னிரண்டுக்கு மேல் மைக் மாட்டினான். எந்த வார்த்தை முதலில், எது அப்புறம் என்று இவர் ஆபீஸ் வழக்கப்படி வரிசை போட்டு வைத்திருந்தார், முக்கியமானது முதலில். சாப்பிட வாங்க. காபி போடட்டுமா. மருந்து சாப்பிட்டீங்களா. வாங்க, உட்காருங்க, சௌக்கியமா. நான் நல்லா இருக்கேன். அப்பா சொல்றது சரிதான்மா. இந்தக் கடைசி வாக்கியம் எதற்கு என்று அவள் கேட்டாள். நம்ம பொண்ணு நித்திலா போன்ல ஏதாவது யோசனை கேட்டா சொல்றதுக்கு என்றார். வேண்டாம், இல்ல, முடியாது இதெல்லாம் எங்கே என்றாள். அதுக்கெல்லாம் தலையாட்டினாப் போதுமே, எதுக்கு அநாவசியமா தொண்டையை வருத்திக்கணும் என்றார், உண்மையான அக்கறையோடு. அந்த அக்கறைதான் அவளை இன்றைக்கும் கொல்கிறது. கெட்ட எண்ணத்தோடு சொல்லியிருந்தால் வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். அவள் வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் வரிசையின் கடைசியில் இருந்தன. அட போங்க, எனக்குப் பிடிக்கல, கழுதை, உளறாதீங்க, சும்மா சொன்னேன், ஒரு கிண்டல், இரண்டு திட்டு, குளிக்கும்போது முனகுகிற பாட்டில் ஒரு அடி. அதற்குள் கார் வந்துவிட்டது. மிச்சத்தை அப்புறம் பார்த்துக்கலாம் அம்மா என்றான் பீட்டர் ஜெயசீலன், வயரைச் சுருட்டிக்கொண்டே. பாவம், நல்ல பையன். அப்புறம் என்று ஒன்று இல்லை என்பது அந்த அறையில் அவளுக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது போலிருக்கிறது.

பட்டை பாதியைத் தொட்டது. டிக், டிக் என்று இரட்டையாய் அடித்து அடங்கியது.  அடுப்பில் பால் வைத்தோமா என்று திடீரென்று சந்தேகம். மூக்கு செத்துப்போனதிலிருந்து தீய்ந்தால் தெரிவதில்லை, எழுந்து போய்ப் பார்க்க வேண்டும், பார்க்கப் போகிற நேரத்தில் இது நின்றுவிட்டால். நின்றால் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து என்ன செய்துவிட முடியும், கையைப் பிசைய முடியும். வைக்கவில்லை, பாலே வைக்கவில்லை, நினைவு வந்தது. விசைப்பலகையின் மேல் ஸ்டிக்கர் பொட்டுகள் அவளைப் பார்த்தன. அவர் ஒட்டினவை. அவளுடைய பொட்டு அட்டையிலிருந்தே எடுத்து ஒட்டினார், கண்ணாடி போடாமலே கண்டுபிடிக்கலாமாம். சிவப்பு அமுக்கினால் சாப்பிட வாங்க. பச்சை, நான் நல்லா இருக்கேன். அரக்கு, அப்பா சொல்றது சரிதான்மா. முதலில் அவள் அமுக்குவதற்குத்தான் அது இருந்தது. ஒரு நாள் சங்கத்து நண்பர்கள் வந்திருந்தபோது அவள் அடுக்களையில் இருந்தாள். ஹாலிலிருந்து, வாங்க, உட்காருங்க, சௌக்கியமா என்று தன் குரல் கேட்டது. கையில் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். தான் வாயைத் திறக்காமல் தன் குரல் பக்கத்து அறையில் விருந்தாளியை உபசரிக்கிறது. அவர் விரலால் அமுக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். என்னம்மா தெளிவா இருக்கு சார் என்றார் ஒருவர், கொடுத்து வெச்சவங்க உங்க வீட்ல, இப்படித் தாங்கற புருஷன் யாருக்குக் கிடைப்பான் என்றார் இன்னொருவர். அன்றையிலிருந்து அவர் விரல்தான். காலையில் பேப்பர் படித்துக்கொண்டே சும்மா கையை நீட்டி, காபி போடட்டுமா என்பதை அமுக்குவார், அவள் எழுந்து போய்க் காபி போடுவாள். சண்டை போட்டுத்தான் பார்த்தாள், ஆனால் சிலேட்டில் எழுதிச் சண்டை போட முடியுமா. ஒரு வரி எழுதி நீட்டினால், கண்ணாடியை எங்க வெச்சேன் என்று சட்டைப்பையைத் தடவுவார், கண்ணாடி நெற்றியில் ஏறி உட்கார்ந்திருக்கும். அவளே அதை இழுத்து மூக்கில் மாட்டிவிட வேண்டும். மாட்டிவிட்டால், ம், அப்புறம் நிதானமாப் படிக்கிறேன் என்பார். கோபம் ஆறிப்போன பிறகு படிக்கப்படுகிற கோபம் எதற்கு உதவும். கழுத்தில் வைத்துப் பேசுகிற மின்கருவி ஒன்று ஆஸ்பத்திரியில் கொடுத்தார்கள். ஒரு வாரம் பேசினாள், தகரத்தில் ஈ மாட்டிக்கொண்ட மாதிரி ஒரு சத்தம், ஆனால் தன் இஷ்டத்துக்குப் பேசினாள், வெங்காய விலையிலிருந்து நாத்தனார் குணம்வரை. ரோபோ பேசற மாதிரி இருக்கு மங்கை, ராத்திரியில கேட்டாப் பயமா இருக்கு, உன் சொந்தக் குரல் இருக்கறப்ப இது எதுக்கு என்று பீரோ மேல்தட்டில் ஏற்றிவிட்டார். ஸ்டூல் போட்டு எடுத்தாள், மறுபடி ஏற்றினார். மூன்றாம் தடவை அவளுக்கே சலித்துப்போயிற்று.

சலிப்பு, அதுதான் சனியன். போன மாதம் சென்னைக்குப் பரிசோதனைக்குப் போனபோது டாக்டர் ஒரு ஆளை அழைத்துக் காட்டினார். அரக்கோணத்துக்காரர், மூட்டை தூக்குகிறவர், இவளைப் போலவே கழுத்தில் துளை. மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவே ஒரு சின்ன வால்வு வைத்திருக்கிறார்கள். அந்த ஆள் துளையை விரலால் பொத்திக்கொண்டு, டீ சாப்பிட்டீங்களா அம்மா என்றார். தரையில் சாக்கை இழுக்கிற சத்தம்தான், ஆனால் அவர் வாயிலிருந்து அந்த நிமிஷத்தில் பிறந்த சத்தம், யாரும் பதிந்து வைத்ததில்லை. அவளுக்குப் பொறாமையில் கண் நிறைந்துவிட்டது. இவர் அதைப் பயம் என்று எடுத்துக்கொண்டார். வேணாம் டாக்டர், மறுபடி கத்தி வைக்கிறதுன்னா அவ பயப்படறா, அவ குரல்தான் வீட்ல பத்திரமா இருக்கே என்றார். பத்திரமாக. வைப்பு நிதி மாதிரி. வீட்டுக்கு வந்து சிங்கப்பூரில் இருக்கிற மகள் நித்திலாவுக்கு, எனக்கு வால்வு வேணும், அப்பாகிட்ட சொல்லு என்று டைப் அடித்து அனுப்பினாள். மகள் அப்பாவிடம் கேட்டாள். அவரோ, அவ ஒரு நாள் வேணும்னு சொல்வா ஒரு நாள் வேணாம்னு சொல்வா, நீயே கேட்டுக்கோ என்றார். போன வாரம் நித்திலா ரயிலில் வீட்டுக்குப் போகிற வழியில் கூப்பிட்டு, அம்மா, நீ டைப் பண்ணறதுல உன் மூஞ்சியே தெரிய மாட்டேங்குது, உன் குரல்ல சொல்லு, அப்பா சொல்றபடி ஆபரேஷன் வேணாமா என்றாள். மங்கையர்க்கரசி கையைத் தூக்குவதற்குள் அவர் விரல் அரக்குப் பொட்டில் இருந்தது. அப்பா சொல்றது சரிதான்மா. எவ்வளவு இனிமையான குரல், யாருக்குத்தான் நம்பத் தோன்றாது. அவள் மேஜையை ஓங்கி அறைந்தாள். என்னப்பா சத்தம் என்றாள் மகள். பூனைம்மா என்றார். போனை வைத்த பிறகு அவள் மறுபடி டைப் அடித்தாள், அது நான் இல்லை, அப்பா அமுக்கினது என்று. அம்மா, குழப்பாதே, உன் வாயால சொன்னதைக் கேட்டேனே என்று பதில் வந்தது, கூடவே ஒரு சிரிக்கிற பொம்மை முகம். பெற்ற மகள், இரண்டு வரி எழுத்தை நம்பவில்லை, அப்பா விரலில் பேசுகிற பெட்டியை நம்புகிறாள். யாரை நொந்துகொள்வது. இன்று சாயந்திரம் கடைசியாகக் கேட்பாள், டாக்டரிடம் ஆமா இல்லையா சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் அவளுக்கு ஒதுக்கியிருக்கிற இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள்.

பட்டை நின்றுவிட்டது. முதலில் கவனிக்கவில்லை, நினைவிலேயே இருந்திருக்கிறாள். முக்கால்வாசிக்கு மேல் வந்து, ஆடாமல் அசையாமல் நின்றது. டிக் சத்தமும் இல்லை. அந்த அமைதி ஐ.சி.யூ. வாசலில் நிற்கிற அமைதி. அவள் சுட்டியை அசைத்தாள், சுட்டி அசைந்தது. அவ்வளவுதான். ராகு காலத்தில் தொட்டேன், போச்சு என்று ஒன்று மனசுக்குள் எழுந்தது, அவளுக்கே வெட்கமாயிருந்தது. முப்பது வருஷம் அவரோடு இருந்ததில் ராகு இவள் மேலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அப்புறம் இன்னொன்று எழுந்தது, மெதுவாக, திருட்டுத்தனமாக. போகட்டுமே. போனால் என்ன. உள்பெட்டி செத்தால் குரல் இல்லை, குரல் இல்லாவிட்டால் வால்வு வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாயில்லை, அரக்குப் பொட்டு வெறும் பொட்டு. சாகட்டும். ஆனால் கை தானாகப் போய்க் கம்ப்யூட்டர் பெட்டியைத் தடவியது, காய்ச்சல் குழந்தையைத் தடவுவதுபோல. இன்னும் சூடாக இருந்தது. நித்திலா சின்னக் குழந்தையாக இருந்தபோது இந்தக் குரலில்தான் தாலாட்டினாள், இந்தக் குரலில்தான் லேபில் அதட்டினாள், இந்தக் குரலில்தான் ஒரு காலத்தில் இந்த மனிதரை, ஏங்க, இங்க வாங்களேன் என்று கூப்பிட்டாள், அவர் ஓடி வருவார். எல்லாம் போய் மிஞ்சியது காபி போடட்டுமா. அதற்காகவா அழுகை வருகிறது. வந்தது. அழுதாலும் சத்தம் இல்லை, கழுத்துத் துணி நனைந்தது. டிக் என்றது. பட்டை ஒரு நூல் நகர்ந்தது. அவள் மூச்சை விட்டாள். போகட்டும் என்று சற்றுமுன் நினைத்தவள் இவள்தானா என்று ஆத்திரமாய் வந்தது.

முடிந்தது. நாலு மணியை நெருங்கிக்கொண்டிருந்தது கடிகாரம். புது டிஸ்க்கிலிருந்து உள்பெட்டியைத் திறந்தாள். திறக்கும்போது அது ஒரு கேள்வி கேட்டது, ஆங்கிலத்தில், ரயில் நிலைய விசாரணைக் கவுண்டரில் கேட்கிற மாதிரி உணர்ச்சியில்லாமல். இந்த மெஷினை இடம் மாற்றினீர்களா, நகல் எடுத்தீர்களா. இடம் மாற்றினேன் என்றால் பழைய அடையாளம் அப்படியே இருக்கும், பீட்டர் ஜெயசீலனின் புரோகிராம் வாய் திறக்கும். நகல் எடுத்தேன் என்றால் புது அடையாளம் கொடுத்துவிடும். புரோகிராம் சாவி கேட்கும், சாவி இல்லை, குரல் அத்தோடு பூட்டிக்கொள்ளும். பழைய டிஸ்க் இன்னொரு தடவை நகலெடுக்கத் தாங்காது. ஒரே ஒரு அமுக்கல். தவறிப்போய் அமுக்கிவிட்டேன் என்று சொல்லலாம், வயசாயிற்று, கண் தெரியவில்லை, அவருக்கு மட்டும்தான் கண்ணாடி தொலையுமா. சுட்டி இரண்டுக்கும் நடுவில் நின்றது. நீ இடம் மாறினவளா, நகலா. கேள்வி அவளைத்தான் கேட்கிற மாதிரி இருந்தது. நகல்தான். அசல் அந்த வெள்ளிக்கிழமைக்கு மறுநாளே ஆஸ்பத்திரித் தட்டில் போய்விட்டது. இப்போது ஹாலில் உட்கார்ந்து வாங்க உட்காருங்க என்கிறவள் நகல், அடுக்களையில் கரண்டியோடு நிற்கிறவளும் நகல். ஆனால் குரலைக் கொன்றால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தாள். அவர் அழுவார். நிஜமாகவே அழுவார். நித்திலா அழுவாள். துக்கம் விசாரிக்க ஆட்கள் வருவார்கள், பாவம் அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்பார்கள். அந்தக் கண்ணீரில் வால்வு மிதந்து போய்விடும். அவளால் எதையும் சொல்ல முடியாது என்பது மட்டும் மிஞ்சும். இடம் மாற்றினேன் என்பதை அமுக்கினாள். பழைய விண்டோஸ் பழைய மணியோசையோடு எழுந்தது.

எழுந்தவுடன் லேப் புத்தி தலைகாட்டியது. இத்தனை நேரம் ஏன் பிடித்தது. சில நூறு வார்த்தைக்கு இவ்வளவு கனம் எப்படி வரும். காபி போடட்டுமாவுக்கு எத்தனை இடம் வேண்டியிருக்கும், ஒரு கைக்குட்டை அளவு. ஏதோ பெரிதாக உள்ளே உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொரு கோப்புறையாக எடை பார்த்துக்கொண்டு போனாள். புரோகிராமுக்குள் ஒரு மூலையில், பீட்டர் ஜெயசீலன் துடைக்க மறந்ததோ துடைக்க மனமில்லாமல் விட்டதோ, அன்றைய பதிவு முழுசும் கிடந்தது. வார்த்தைகளை வெட்டி எடுத்த பிறகு மிஞ்சிய முழுத்துணி. அமுக்கினாள். நாற்காலி கிறீச்சிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வீட்டின் இரைச்சல், தூரத்தில் குக்கர் விசில். சாப்பிட வாங்க என்றாள் அவள். இன்னொரு தடவை அம்மா, கொஞ்சம் சிரிச்ச மாதிரி என்றான் பையன். சாப்பிட வாங்க. பிறகு ஒரு இருமல், அவளுடைய இருமல், வாய் வழியாக வந்த கடைசி இருமல்களில் ஒன்று. அம்மா, தண்ணி வேணுமா என்றான். இல்ல, என்றாள் அவள்.

அவள் கையை எடுத்தாள் விசைப்பலகையிலிருந்து. மறுபடி போட்டாள். இல்ல. வறண்ட, எரிச்சல் பிடித்த, சிரிக்கச் சொல்லி யாரும் கேட்காத ஒரு இல்ல. யாருக்காகவும் பதிந்ததில்லை, தண்ணீர் வேண்டாம் என்று சொன்னது. அதற்கப்புறம் தணிகாசலத்தின் குரல், அதுக்கெல்லாம் தலையாட்டினாப் போதுமே. அதுவும் அப்படியே பதிந்திருந்தது. இத்தனை காலம் உள்பெட்டிக்குள் அவரும் அவளும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்திருக்கிறார்கள், ஒருவருக்கொருவர் பதில் சொல்லிக்கொண்டு. தாலாட்டோ கூப்பிட்ட குரலோ கிடைக்காதா என்று இன்னும் கொஞ்ச தூரம் கேட்டாள். கிடைக்கவில்லை, அலுப்பும் இருமலும்தான். அது போதும். அந்த ஒரு சொல்லை முன்னும் பின்னும் அளந்து வெட்டினாள். லேபில் பையன்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள், கை மறக்கவில்லை. அரக்குப் பொட்டுக்குரிய கோப்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இதை வைத்தாள். மற்றதைத் தொடவில்லை. கெட்ட எண்ணமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. இருந்துவிட்டுப் போகட்டும்.

ஸ்கூட்டர் வந்து நின்றபோது பழைய டிஸ்க் டிக் டிக் என்று விடாமல் அடித்து, கறக் என்று ஒரு சத்தம் போட்டு அடங்கிவிட்டது. அவர் உள்ளே வந்து, முகம் கழுவி, துண்டால் துடைத்துக்கொண்டு, "முடிஞ்சுதா? நாலரைக்கு மேலதானே ஆரம்பிச்சே?" என்றார். மணி நாலே முக்கால்கூட ஆகவில்லை. அவள் தலையாட்டினாள். "பார்த்தியா, நேரம் பார்த்துச் செஞ்சா எவ்வளவு சுருக்கா முடியுது" என்று சொல்லி, நாற்காலியை இழுத்துப்போட்டு, சிவப்புப் பொட்டை அமுக்கிப் பார்த்தார். சாப்பிட வாங்க என்றது பெட்டி, சிரித்த மாதிரி. அவர் முகம் மலர்ந்துபோயிற்று. "அப்படியே இருக்கு மங்கை, உன் குரல் கொஞ்சம்கூடக் கெடல" என்றார், கண்ணோரம் ஈரம்கூட இருந்தது. அதைப் பார்த்து அவளுக்கு வயிறு எரிந்தது, இரக்கமும் வந்தது, இரண்டும் ஒன்றாகத்தான் வரும் இந்த வீட்டில். போன் அடித்தது. அவர் ஸ்பீக்கரில் போட்டு ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். பின்னால் ரயில் இரைச்சல், ஏதோ நிலையத்தின் பெயர் சொல்கிற ஒலிபெருக்கி.

"அம்மா, நல்லா இருக்கியா?" என்றாள் நித்திலா.

பச்சைப் பொட்டு. நான் நல்லா இருக்கேன்.

"அம்மா, டாக்டர் ஆபீஸ்ல இன்னைக்குள்ள சொல்லச் சொல்லிட்டாங்க. வால்வு வேணாம்னு அப்பா சொல்றார். உன் முடிவும் அதுதானா? உன் வாயால ஒரு தடவை சொல்லிடும்மா, நான் அவங்களுக்குச் சொல்லிடறேன்."

தணிகாசலம் மங்கையர்க்கரசியைப் பார்த்து, நான் இருக்கேன் என்கிற மாதிரி ஒரு கண்ணசைவு காட்டிவிட்டு, அரக்குப் பொட்டை அமுக்கினார்.

"இல்ல."

ரயில் போய்க்கொண்டிருந்தது. "என்னம்மா?" என்றாள் நித்திலா.

அவர் விரல் சரியாகத்தான் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். பொட்டு அரக்குதான். இன்னும் அழுத்தி அமுக்கினார்.

"இல்ல."

அந்தக் குரலை அவருக்குத் தெரியும். சமையலறையிலிருந்தும் மாடிப்படியிலிருந்தும் தினமும் கேட்டுப் பழகிய குரல், சிரிக்கச் சொல்லாத குரல். கையை வெடுக்கென்று எடுத்தார், எடுத்த கையை மறுபடி கொண்டுபோய், தெரியாமல் நடந்ததைச் சரி செய்கிறவர் போல மூன்றாவது தடவையும் அமுக்கினார். மூன்றாவது தடவையும் அது அதையே சொன்னது.

"அப்பா" என்றாள் நித்திலா.  "அப்பா, அங்க யாரு அமுக்குறது?"

அவர் திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று முகத்தைக் கிட்டே கொண்டுபோனார், பின்னால் இழுத்தார். "சரிம்மா, கேட்டுடுச்சு. நான் தேதி வாங்கிடறேன்" என்று போனில் மகளின் குரல் வந்தது, கொஞ்சம் உடைந்து. அவர் சட்டைப்பையைத் தடவினார், மேஜை மேல் தடவினார், பேப்பரைத் தூக்கிப் பார்த்தார். "கண்ணாடியை எங்க வெச்சேன் மங்கை" என்றார். கண்ணாடி அவர் நெற்றியில்தான் இருந்தது. அவள் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள், எடுத்துக் கொடுக்கவில்லை.